அப்பா கையில இருந்த அதே த்ரீ நாட் த்ரீ, அதை வாங்கி நான் பட்ட பாடு

போன வாரம் டல்லாஸ்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் ஃபோன் பண்ணி, "மச்சி, பழைய மிலிட்டரி ரைஃபிள் ஒண்ணு நானூறு டாலருக்கு வருது, எடுத்துரவா"ன்னு கேட்டான். ஒன்றரை மணி நேரம் விடாம பேசினேன், பொண்டாட்டி வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா. அவன்கிட்ட பேசினதைத்தான் இங்க கொட்டறேன். நான் வாங்கறப்ப இதெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்ல. உண்மையைச் சொன்னா ஆள் இருந்தாரு, நான்தான் கேக்கல, அந்தக் கதை கடைசியில வரும்.

எங்கப்பா ஆர்ம்டு ரிசர்வ்ல ஹெட் கான்ஸ்டபிளா ரிட்டயர் ஆனவரு. சின்ன வயசுல திருச்சி லைன் வீட்டுல இருந்தப்ப, அப்பா கார்டு டியூட்டிக்குப் போறப்ப தோள்ல தொங்குமே அந்த த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள், அதைத் தொட்டுப் பாக்கணும்னு அப்படி ஒரு ஆசை. ஒரு நாளும் விட்டதில்ல. நம்ம ஊர்ல அது ப்ரொஹிபிட்டட் போர், அதாவது தடை செஞ்ச வகை, சாதாரண ஆளுக்குக் கிடைக்கற வழியே கிடையாது. இங்க ஹூஸ்டன் வந்து ஹெச்1பி-ல இருந்த வருஷமெல்லாம் அதைப் பத்தி யோசிக்கவே இல்ல, ஏன்னா நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வச்சிக்கறதுக்கு ஃபெடரல் சட்டத்துலயே தடை இருக்கு, ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு, அந்த விலக்கை நம்பி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க. 2021-ல கிரீன் கார்டு கைக்கு வந்துச்சு. வந்த ரெண்டாவது மாசம் ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன் ஏலத்துல ஒண்ணைப் பாத்தேன். இஷாபூர்ல செஞ்சது. கல்கத்தா பக்கத்துல இருக்கற அதே ரைஃபிள் ஃபேக்டரி. பட் சாக்கெட்ல, அதான் பின் கட்டை (பட்) வந்து மாட்டற இரும்புல, ஒரு கிரீடம், கீழ ஜி.ஆர்.ஐ. (ராஜா ஜார்ஜோட எழுத்து), இஷாபூர், 1943, அதுக்கும் கீழ எஸ்ஹெச்டி எல்ஈ III*-ன்னு மாடல் பேரு. ஃபோட்டோவைப் பெருசு பண்ணி அந்த எழுத்தைப் பாத்ததும் எனக்கு மூளை வேலை செய்யல, அவ்வளவுதான். 425 டாலர், ஷிப்பிங் 40.

ஏலத்துல வாங்கினா நேரா வீட்டுக்கு வராது. லைசன்ஸ் இருக்கற உள்ளூர் கடைக்கு வரும், அங்க போய் 4473 ஃபாரம் எழுதி, பேக்கிரவுண்டு செக் முடிஞ்சாத்தான் கையில குடுப்பாங்க. என் கடையில ட்ரான்ஸ்ஃபருக்கு 35 டாலர். பழைய துப்பாக்கி மட்டும் சேக்கறவங்களுக்குன்னு டைப் 03 லைசன்ஸ் ஒண்ணு இருக்கு, மூணு வருஷத்துக்கு 30 டாலர்தான், அது இருந்தா அம்பது வருஷத்துக்கு மேல பழசானதை நேரா வீட்டுக்கே வரவழைக்கலாம், ஆனா வாங்கறது விக்கறது எல்லாத்துக்கும் நோட்டு போட்டு எழுதி வைக்கணும். ஒண்ணோட நிக்கப் போறதில்லைன்னு உங்களுக்கே தெரியும்னா (நிக்க மாட்டீங்க) முதல்லயே அதை எடுத்துடுங்க.

இப்ப நான் ஃபோட்டோவுல பாக்காம விட்டதைச் சொல்றேன். ரிசீவர்ல (பேரல் வந்து மாட்டற நடு இரும்புப் பாகம்) ஒரு நம்பர் இருக்கும், போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டற உருளை) கைப்பிடியோட பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். என்னுதுல கடைசி ரெண்டு எழுத்து வேற. விக்கறவன் போட்ட விவரத்துல "போல்ட் மிஸ்மேட்ச்"னு ஒரே ஒரு வரி இருந்திருக்கு, நான் படிச்சேன், படிச்சிட்டு "அதனால என்ன, ஃபேக்டரியில செஞ்ச பார்ட்ஸ்தானே, எல்லாம் ஒண்ணுதான்"னு விட்டுட்டேன். லீ என்ஃபீல்டுல (இந்த த்ரீ நாட் த்ரீயோட பேரு அதான்) எல்லாம் ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரிசீவருக்குத் தேச்சு உக்கார வச்சிருப்பாங்க. இந்த ஒரு வரியாலதான் பின்னாடி நான் சுடற ரேஞ்ச்ல வேர்த்து நின்னது.

இதே மாதிரி ஃபோட்டோவுலயே பாத்து ஒதுக்க வேண்டியது இன்னும் சிலது இருக்கு. டிபி-ன்னு அடிச்சிருந்தா அது ட்ரில்லுக்கு மட்டும் வச்சிருந்தது, சுடக் கூடாது. முன் கட்டையில வரிசையா கம்பி சுத்தி இருந்தா அது பெரும்பாலும் கிரனேடு வீச ஓட்டின ரைஃபிள், நல்லா அடி வாங்கியிருக்கும். பேரல் உள்ள வழவழன்னு இருந்தா அது .303-யே இல்ல, நம்ம ஊர் போலீஸுக்கும் காவலுக்கும்னு .410-ஆ மாத்தின மஸ்கெட் துப்பாக்கி. அப்புறம் எழுத்து கோணல்மாணலா, இங்கிலீஷ் N எழுத்து கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி இருந்தா அது கைபர் பக்கம் பட்டறையில கையால அடிச்ச காப்பி, அதைச் சுவத்துல மாட்டி அழகு பாக்கறதோட நிறுத்திக்கோங்க. பேரல்லயோ ரிசீவர்லயோ இம்போர்ட் பண்ணவன் பேர் பொடிசா அடிச்சிருந்தா பயப்பட வேண்டாம், 1968 சட்டத்துல மிலிட்டரி சர்ப்ளஸ் (ராணுவம் கழிச்சு வித்தது) இறக்குமதி நின்னு, 80-கள்ல பழசுக்கு மட்டும் திரும்பத் திறந்தாங்க, அதுக்கப்புறம் வந்தது எல்லாத்துலயும் அந்த முத்திரை இருக்கும். அழகைத்தான் கெடுக்கும், வேற ஒண்ணும் இல்ல, அதைச் சொல்லி விலையைக் குறைங்க.

சரி, ரைஃபிள் வந்துச்சு. கட்டை முழுக்க கருப்பு கிரீஸ், வருஷக்கணக்கா ஊறின பிசுக்கு. கருப்பு குப்பைப் பையில சுத்தி ஹூஸ்டன் வெயில்ல கொல்லைப்புறம் வச்சா மரத்துக்குள்ள இருக்கற கிரீஸ் தானா வேர்வை மாதிரி வெளிய வரும், துடைச்சு துடைச்சு எடுக்கணும். உலோகத்துக்கு மினரல் ஸ்பிரிட்ஸ். இது வரைக்கும் சரியாத்தான் பண்ணேன். அப்புறம்தான் பட் கட்டையைத் தனியா கழட்டி வெயில்ல வைக்கலாம்னு ஆசை வந்துச்சு. பின்னாடி பித்தளைத் தகடைத் திறந்தா நீளமா ஒரு ஓட்டை, உள்ள ஒரு போல்ட் தலை தெரியும், நீள ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் திருகினேன். திரும்பல. ரென்ச் போட்டு முட்டுக் குடுத்துத் திருகினேன். "சடக்"னு ஒரு சத்தம். பட் கழண்டுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். முன் கட்டையைப் பாத்தா ரிசீவர் ஒட்டி நாலு விரக்கடை நீளத்துக்கு வெள்ளையா பிளந்து நிக்குது.

என்ன நடந்துச்சுன்னா, அந்த ஸ்டாக் போல்ட்டோட (பட் கட்டையைப் பிடிச்சிருக்கற நீள ஸ்க்ரூ, தோட்டாவைத் தள்ளற போல்ட் வேற) முன் நுனி சதுரமா இருக்கும், அது முன் கட்டையோட பின்பக்கம் இருக்கற ஒரு சின்னத் தகட்டுல போய் மாட்டிட்டு நிக்கும், தானா லூஸ் ஆகக் கூடாதுன்னு. முன் கட்டையைக் கழட்டாம போல்ட்டைத் திருகினா அந்தச் சதுர நுனி கட்டையையே நெம்பிப் பிளந்துடும். முன் கட்டைதான் முதல்ல, பட் அப்புறம், நம்பர் ஒன் மார்க் த்ரீ-ல, அதான் என்கிட்ட இருக்கற மாடல்ல, இந்த வரிசை மாறவே கூடாது. எண்பது வருஷம் யுத்தம், பாரக், கப்பல் எல்லாத்தையும் தாண்டி வந்த கட்டையை நான் கராஜ்ல பத்து நிமிஷத்துல உடைச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே தோணல. வீட்டுல "என்ன ஆச்சு"ன்னு கேட்டதுக்கு ஆபீஸ் டென்ஷன்னு சொல்லிட்டேன்.

பழைய முன் கட்டை ஒண்ணு 130 டாலருக்குத் தேடிப் பிடிச்சேன், இஷாபூர் கட்டைதான், குறுக்கால ஒரு ஸ்க்ரூ போயிருக்கும், அது அங்கயே பலத்துக்குப் போட்டது, ரிப்பேர்னு நினைச்சுக்காதீங்க. கட்டை வந்தா அப்படியே உக்காராது. ரிசீவர் பின்னாடி இடிக்கற இடத்துல கட்டைக்குள்ள ரெண்டு பக்கமும் ரெண்டு முகம் இருக்கும், சுடும்போது வர்ற உதை மொத்தமும் அது மேலதான் விழும். ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி இடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் இடிச்சா கட்டை மறுபடி பிளக்கும். மெழுகுவர்த்திப் புகையை இரும்புல பிடிச்சு, கட்டையில உக்கார வச்சு, எங்க கருப்பு ஒட்டுதோ அங்க மட்டும் கொஞ்சமா சுரண்டி, மறுபடி வச்சு, மறுபடி சுரண்டி, ரெண்டு வீக்கெண்டு இதுலயே போச்சு. மாட்டினதும் கட்டையை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்க, ஒரு மயிரிழை கூட நகரக் கூடாது. நீங்க ரைஃபிள் வாங்கப் போற இடத்துலயும் இதையே செஞ்சு பாருங்க, ஆடினா விலை பேசறதை விட்டுட்டு வந்துடுங்க.

கட்டைக்கு எண்ணெய்னா ஆளி விதை எண்ணெய்தான், வார்னிஷ் அடிச்சுடாதீங்க. ஒண்ணு முக்கியம், அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி குப்பைத் தொட்டியில போட்டா அது தானா சூடாகி தீப்பிடிக்கும். நிஜமாவே பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க.

அப்புறம் ரேஞ்சுக்குப் போனேன். புது .303 ரவுண்டு ஒண்ணு ஒரு டாலருக்கு மேல ஆகுது, அதனால சிக்கனம்னு நினைச்சு 1950-கள்ல அடிச்ச சர்ப்ளஸ் தோட்டா ஒரு பொட்டலமும் புதுசு ஒரு பெட்டியும் வாங்கிட்டுப் போனேன். பழசுல மூணாவது ரவுண்டு, ட்ரிகர் இழுத்தேன், "க்ளிக்". ஒண்ணும் இல்ல. போல்ட்டைத் திறக்கலாமான்னு கை போகறதுக்குள்ள "டமார்". அரை செகண்டுகூட இருக்காது. அப்ப மட்டும் திறந்திருந்தேன்னா இதை டைப் பண்ண விரல் இருந்திருக்காது. க்ளிக்னு கேட்டு வெடிக்கலைன்னா ரைஃபிளை டார்கெட் பக்கமே பிடிச்சிட்டு அறுபது எண்ணிட்டுத்தான் போல்ட்டைத் தொடணும். அந்தப் பொட்டலத்தை அப்பவே மூடி வச்சிட்டிருக்கணும், காசு குடுத்ததாச்சேன்னு பாதி சுட்டேன்.

புதுசுக்கு மாறின பத்துப் பதினோராவது ரவுண்டு இருக்கும், போல்ட்டை இழுத்தா வழக்கத்தை விட லேசா வந்துச்சு. கீழ விழுந்தது கேஸோட (தோட்டாவோட பித்தளைக் கூடு) அடிப்பாகம் மட்டும், அரை இன்ச் உயரம், மோதிரம் மாதிரி. மீதி கேஸ் சேம்பருக்குள்ளயே, அதான் பேரல்ல தோட்டா உக்கார்ற இடத்துலயே. எனக்கு அது புரியவே இல்ல, அடுத்த ரவுண்டைத் தள்ளறேன், உள்ள போகல, இன்னும் அழுத்தித் தள்ளறேன். பக்கத்து லேன்ல இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர் சத்தம் போட்டு நிறுத்தினாரு. வந்து நான் ஏற்கெனவே சுட்டுப் போட்ட கேஸை எல்லாம் பொறுக்கி வரிசையா வச்சாரு. ஒவ்வொண்ணுலயும் அடிக்கு மேல பளபளன்னு ஒரு வளையம். அப்புறம் ஒரு பேப்பர் கிளிப்பை நிமித்தி, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைச்சு, கேஸுக்குள்ள விட்டு சுவரோரமா கீழ இருந்து மேல இழுக்கச் சொன்னாரு. அந்த வளையம் இருக்கற இடத்துல நுனி ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்துச்சு, விரல்ல நல்லாவே தெரிஞ்சுது. எட்டு கேஸ்ல ஆறு அப்படி. அத்தனையும் பிய்யறதுக்கு ரெடியா இருந்திருக்கு.

காரணம் ஹெட்ஸ்பேஸ். .303 கேஸுக்கு அடியில விளிம்பு உண்டு, அந்த விளிம்பு நிக்கறதுக்கு போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் அது. குறைஞ்சது 0.064 இன்ச், அதிகபட்சம் 0.074. அதுக்கு மேல போனா சுடும்போது கேஸ் பின்னாடி இழுபட்டு அந்த இடத்துல மெலிஞ்சு மெலிஞ்சு பிய்யும். இதை அளக்க கோ கேஜ், ஃபீல்டு கேஜ்னு ரெண்டு எஃகுத் துண்டு, எனக்கு ரெண்டும் சேத்து 70 டாலர். சேம்பர்ல வச்சுப் பாத்தா கோ மேல போல்ட் மூடணும், ஃபீல்டு மேல மூடக் கூடாது. கையால அழுத்தாதீங்க, விரல் நுனியால தொட்டா எவ்வளவு போகுமோ அவ்வளவுதான். என்னுது ஃபீல்டு மேல வெண்ணெய்ல கத்தி போற மாதிரி மூடுச்சு. அந்த மிஸ்மேட்ச் போல்ட். முதல் ரவுண்டு சுடறதுக்கு முன்னாடி இந்த எழுபது டாலரைச் செலவு பண்ணியிருந்தா இந்தப் பாராவே இல்ல. நாலாம் நம்பர் மாடல் லீ என்ஃபீல்டுன்னா போல்ட் ஹெட் (போல்ட்டோட முன் துண்டு) 0, 1, 2, 3-ன்னு அளவு போட்டே கிடைக்கும், பெருசா மாத்திப் பாக்கலாம். நம்ம நம்பர் ஒன்னுக்கு அந்த வசதி இல்ல, நம்பரே போட்டிருக்காது, நாலஞ்சு வாங்கி மாட்டி மாட்டிப் பாக்கணும். நான் நாலு வாங்கினேன், 90 டாலர், ஒண்ணு சரியா வந்துச்சு. கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) பாத்து ஓகே சொன்னதுக்கு 80.

இதோட முடிஞ்சுதான்னா இல்ல. அன்னைக்கு உடைஞ்ச கேஸை அந்தப் பெரியவர் அவர்கிட்ட இருந்த எக்ஸ்ட்ராக்டர் போட்டு எடுத்துக் குடுத்தாரு, வீட்டுக்கு வந்து கடையில விக்கற நல்ல சால்வென்ட் போட்டு பேரலைச் சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டு வச்சேன். மூணாம் நாள் பேரலுக்குள்ள டார்ச் அடிச்சா முழுக்க ஆரஞ்சு. பழைய தோட்டாவோட ப்ரைமர்ல (அடியில பத்த வைக்கற மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருக்கும், சுட்ட பிறகு அது உப்பா பேரல்ல படியும், அந்த உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஹூஸ்டன் காத்து நம்ம மெட்ராஸ் காத்துக்கு அண்ணன். எண்ணெய்ல உப்பு கரையுமா? தண்ணியிலதான் கரையும். நான் உப்பு மேல எண்ணெய் பூசி மூடி வச்சிருக்கேன்.

அந்த ஆரஞ்சைப் பாத்த ராத்திரிதான் தாங்க முடியாம அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். எட்டு மாசமா சொல்லல, அம்மா காதுல விழுந்தா பொலம்புவாங்கன்னு. சொன்னதும் அப்பா ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "சுட்ட அன்னைக்கு வெந்நி ஊத்தினியாடா?" நான் இல்லப்பான்னேன். "ஆனுவல் ஃபயரிங் முடிச்சு வந்தா முதல்ல வெந்நி. அண்டாவுல கொதிச்சிட்டு இருக்கும், புனல் வச்சு ஒவ்வொரு பேரல்லயும் ஊத்திட்டுத்தான் மத்தது. அப்புறம் புல்த்ரூ கயிறுல சிந்தித் துணி கட்டி பேரலுக்குள்ள இழுக்கணும். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் ஆயுதத்தைப் பாத்துக்கற ஆர்மரர் வாங்கி உள்ள வைக்க மாட்டாரு. மறுநாள் மறுபடி ஒரு தடவை." முப்பது வருஷம் அதையே செஞ்ச மனுஷன் ஒரு ஃபோன் தூரத்துல இருந்திருக்காரு, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோ பாத்துட்டு இருந்திருக்கேன்.

வெந்நி ஊத்தறதுல என் சொந்த அனுபவம் ஒண்ணு சேத்துக்கறேன். புனலை மட்டும் வச்சு ஊத்தினா தண்ணி வழிஞ்சு கட்டைக்கும் பேரலுக்கும் நடுவுல இறங்கிடும், அங்க துரு பிடிச்சா கழட்டினாத்தான் தெரியும். புனல்ல ஒரு ரப்பர் குழாய் மாட்டி நுனியைச் சேம்பருக்குள்ள சொருகிட்டு ஊத்துங்க. தண்ணி நல்லா கொதிச்சிருந்தா பேரல் சூடாகி தானே காஞ்சிடும். கண்ணாடி துடைக்கற அம்மோனியா திரவம் ஊத்தினா உப்பு செத்துடும்னு சொல்வாங்க, அதுல வேலை செய்யறது அதுல இருக்கற தண்ணிதான், காசு குடுத்துத் தண்ணி வாங்காதீங்க. போல்ட் முகத்தையும் மறக்காம கழுவுங்க. புல்த்ரூவை கோணலா இழுத்து இழுத்தே கயிறு பட்டு பேரல் வாய் தேஞ்ச ரைஃபிள் நிறைய உண்டு, லீ என்ஃபீல்டுல போல்ட்டைக் கழட்டிட்டா பின்பக்கமாவே ராடு விட்டுத் துடைக்கலாம், நான் இப்ப அதான் பண்றேன். என் பேரல்ல துருவைத் தேச்சு எடுத்தாச்சு, ஆனா பள்ளம் பள்ளமா நின்னுடுச்சு, அது இனி போகாது. நூறு கெஜத்துல கை அகலத்துக்குள்ள அடிக்குது, எனக்கு அது போதும்.

ஆக மொத்தம் 425-க்கு வாங்கினது தோட்டாக் காசு இல்லாமலே 870-ல நிக்குது. அந்தக் காசுக்கு அன்னைக்கே நம்பர் எல்லாம் பொருந்தின நல்லதா ஒண்ணு எடுத்திருக்கலாம். பழைய தோட்டா மீதியை எடுத்துட்டுப் போய் ரேஞ்ச்லயே குடுத்துட்டேன், இப்ப புதுசு மட்டும்தான், மாசம் இருபது ரவுண்டு. வீட்டுல சொன்னதுக்கு அப்புறம் பொண்டாட்டி போட்ட ஒரே கண்டிஷன், சேஃப்ல பூட்டி போல்ட்டைத் தனியா வேற இடத்துல பூட்டணும், பையனுக்கு ஆறு வயசு. அது அவ சொல்லாமலே செய்ய வேண்டியது.

போன தீபாவளிக்கு வாட்ஸ்அப் வீடியோவுல அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுட்டு ஸ்க்ரீன்கிட்ட வந்து, சாக்கெட்ல இருக்கற எழுத்தைப் படிக்கச் சொல்லிட்டு, "நாப்பத்தி மூணா? எனக்கு முதல்ல குடுத்தது நாப்பத்தி அஞ்சு"ன்னாரு. போல்ட்டை இழுத்துக் காட்டச் சொன்னாரு, இழுத்தேன். "இன்னொரு தடவை." மறுபடி இழுத்தேன். அந்தச் சத்தத்துக்குத்தான் கேட்டாருன்னு நினைச்சேன்.

"என்னடா போல்ட்ல இவ்ளோ எண்ணெய் மின்னுது? சேம்பரும் போல்ட்டும் காஞ்சிருக்கணும் சுடும்போது. எண்ணெய் இருந்தா கேஸ் சுவத்தைப் பிடிக்காது, மொத்த உதையும் போல்ட் மேல வரும். துடை முதல்ல." ஃபோனை மேஜை மேல சாத்தி வச்சிட்டு துணி தேடப் போனேன்.